இஞ்சி பிஸ்கட் வீட்டுக்கு நான் போட்ட கூரை

வீட்டில் ஏதாவது உடைந்துவிட்டால் "கொடு, நான் பார்க்கிறேன்" என்று ஓடிவரும் ஆண்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்காணிப்பில் வைத்திருப்பது நல்லது. நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். முப்பது வயதில் எனக்கு ரேடியோவைத் திறக்கத் தெரியும், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடத் தெரியும், ஒழுகும் பைப்பை இன்னும் நன்றாக ஒழுகவைக்கத் தெரியும். இந்தத் திறமைகளால் ஒரு கிறிஸ்மஸ் நாளில் ஒரு மனிதருடைய வாயில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பாதிக்கப்பட்டவர் இப்போது உயிரோடு இல்லை (சாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதற்குப் பிறகு இருபது வருடம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்).

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து எட்டு மைல் உள்ளே ஒரு தோட்டம். பாதி ரப்பர், பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. நான் அங்கே பால் ஸ்டோரில் கிராணி, கணக்கு எழுதுகிறவன். மரம் வெட்டுகிறவர்கள் (பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) காலையில் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலை நிறுத்து, தொட்டியில் விட்டு, அளவாக ஆசிட் சேர்த்து உறையவைப்பதை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. பால் எப்போது உறையும், எவ்வளவு ஆசிட் விட்டால் எவ்வளவு இறுகும் என்பதில் அந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். பின்னால் இந்தத் திறமைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

என் மனைவி ஸ்டெல்லா கிள்ளான்காரி. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். காதல் கல்யாணம். இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்காக என் அக்கா ஆறு வருடமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அக்கா என்றால் சும்மா அக்கா இல்லை. எனக்கு ஏழு வயதிருக்கும்போதே அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். லூர்து அக்காவுக்கு அப்போது பதினெட்டு. உலு யாம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி, என்னை ஐந்தாம் பாரம் வரை படிக்கவைத்து, கிராணியாக்கிப் பார்த்தவள் அவள். எனக்கென்று பெண்ணும் பார்த்து வைத்திருந்தாள். நான் போய் ஒரு டைப்பிஸ்டைக் கூட்டிவந்து நிறுத்தினேன். "சட்டி புடிக்கத் தெரியுமா இதுக்கு?" என்று என்னைத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்க்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு கடிதம் மட்டும் வரும். "நீயும் பிள்ளைகளும் சுகமா?" என்று இருக்கும். ஸ்டெல்லா ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டு, தன் பெயர் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மடித்துத் திருப்பித் தருவாள்.

அந்த வருடம் நவம்பரில் வந்த கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. "கிறிஸ்மஸ் அன்று மச்சானும் நானும் வருகிறோம்."

ஸ்டெல்லா அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு அலமாரிக்கு மேலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையை எடுத்தாள். பெண்களுக்கான பத்திரிகை. வக்கீல் வீட்டம்மா தூக்கிப்போட வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்தது. நடுப்பக்கத்தில் வண்ணப்படம்: இஞ்சி பிஸ்கட்டால் கட்டிய வீடு. கூரையில் சர்க்கரைப் பனி, மிட்டாய் ஜன்னல், உச்சியில் ஒரு புகைபோக்கி.

"எல்லாமே வீட்டுலயே செய்யப் போறேன்" என்றாள். "மரம், ஸ்டாரு, தோரணம், கேக்கு, இந்த வீடு. கடையில வாங்குனதுன்னு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஒங்க அக்கா வந்து பாக்கட்டும்."

"இந்த வீட்ட நான் கட்டித் தரவா?" என்றேன்.

"வேணாம்" என்றாள். சட்டென்று சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீடு தொழிற்சாலையாக ஓடியது. ஐந்து வயது ஷீலாவும் மூன்று வயது ஜெரியும் தொழிலாளர்கள். சீனிப்பால் டின் மூடிகளை வெட்டி நட்சத்திரம். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுற்றிக் குண்டுமணி (சிகரெட் நான் பிடித்தேன். குடும்பத்துக்காக). முட்டையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, ஓட்டில் சாயம் பூசித் தொங்கவிடுவது. இதனால் பதினெட்டு நாள் முட்டைப் பொரியல் சாப்பிட்டோம். ஜெரி கோந்தை ருசி பார்த்தான். அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது.

பிஸ்கட் வீட்டுக்கு அடுப்பு வேண்டும். எங்களிடம் மண்ணெண்ணெய் அடுப்பு மட்டும்தான். பெரிய கிராணி வீட்டில் உண்மையான 'அவன்' இருந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், தோட்டத்தில் எல்லோருக்கும் அந்த அம்மா 'மிசஸ்'தான். ஸ்டெல்லா மாவைப் பிசைந்து தட்டில் தூக்கிக்கொண்டு அவர் சமையலறைக்குப் போய் வருவாள். ஒருநாள் நானும் தட்டு தூக்கப் போயிருந்தேன். "பிள்ளை, அவனை அடிக்கடி திறந்து பாராதையும். சூடு போயிடும். அவன் தன்ர பாட்டில இருந்தால்தான் ஒழுங்காய் வேலை செய்வான்" என்று மிசஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அடுப்பைப் பற்றிச் சொல்கிறாரா என்னைப் பற்றிச் சொல்கிறாரா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

மூன்று நாள் வேலை. சுக்கும் பட்டையும் இடித்துப் போட்டு, பத்திரிகையில் சொன்ன கறுப்புப் பாகு கிடைக்காததால் கூலா மெலாக்கா என்ற தென்னை வெல்லத்தைக் காய்ச்சி ஊற்றி, மாவைத் தகடாக வெட்டிச் சுட்டாள். முட்டை வெள்ளையையும் ஐசிங் சீனியையும் அடித்த கலவையைச் சாந்தாகப் பூசிச் சுவர்களை நிறுத்தினாள். ஒவ்வொரு சுவரையும் கால் மணி நேரம் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் அந்த வீடு எழுந்து நின்றது. பத்திரிகையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. இதை நான் கணவனாகச் சொல்லவில்லை. கட்டடத்தை இடித்தவனாகச் சொல்கிறேன்.

"அம்மா, மேல நிக்குதே, அது என்னா?" என்று ஷீலா கேட்டாள்.

"பொகபோக்கி. வெளிநாட்டுல குளிரும்ல, அதுக்கு."

"நம்ம வீட்டுக்கு ஏன் இல்ல?"

"நமக்குத்தான் எல்லாப் பக்கமும் ஓட்ட இருக்குதே" என்றேன் நான்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. வீட்டை ஹாலில் மேசைமேல் வைத்து, எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்து உத்தரவு போட்டாள். "இது பாக்குறதுக்கு மட்டும். வருசப் பொறப்பு வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. ஷீலா, கேட்டுச்சா? ஜெரி?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க?"

மரம் என் பொறுப்பு. நம் ஊரில் பனிமரத்துக்கு எங்கே போவது? ஜெரம் கடற்கரைக்கு மோட்டார் சைக்கிளில் போய், சவுக்கில் ஓர் ஆளைவிட உயரமான கிளை ஒன்றைக் கழித்துக்கொண்டு வந்தேன். வாடாமல் இருக்க, வாளித் தண்ணீரில் நிறுத்தி, வீட்டுக்குப் பின்னால் மாமரத்தில் சாய்த்து வைத்தேன். இரண்டு நாள் அங்கே இருந்தது. மாமரத்தில் கெரெங்கா இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கெரெங்கா என்பது இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் பெரிய செவ்வெறும்பு. கடித்தால் விடாது. தனியாக வராது.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் ஸ்டெல்லா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோலசிலாங்கூர் கோயிலுக்குப் போனாள். போகும்போது சொன்னாள், "மரத்த உள்ள கொண்டாந்து சன்னல் பக்கம் நிறுத்துங்க. மேசைப் பக்கம் போவாதீங்க. அஞ்சு மணி பஸ்ல வந்துருவோம்."

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். ஹாலுக்குள் வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. நடு ஹாலில், முதல் கடி முழங்காலுக்குமேல் விழுந்தது. அடுத்தது அதற்கும் மேல். பிறகு எண்ண முடியவில்லை. மரத்தைக் கீழே போட்டிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்திருப்பான். நான் மரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே குதித்தேன். அதோடு ஒரு சுற்றும் சுற்றினேன். கையில் சாய்ந்திருந்த மரம் என்னைவிட இரண்டடி நீளம். அதன் நுனி மேசைமேல் போய் வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பிஸ்கட்டை யாரோ இரண்டாக உடைத்த மாதிரிதான் இருந்தது.

சாரத்தைக் கழற்றி உதறி, எறும்புகளுக்கு ஒரு வழி செய்துவிட்டு (அந்தக் காட்சியை விவரிக்க மாட்டேன். ஜன்னல் திறந்திருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்) திரும்பிப் பார்த்தேன். கூரை இரண்டு பலகையும் கழன்று கிடந்தன. முன்சுவர் படுத்துவிட்டது. புகைபோக்கி நாற்காலிக்கு அடியில். நல்ல வேளையாக எந்தத் தகடும் நொறுங்கவில்லை. ஒட்டினால் போதும். மணி இரண்டரை.

அந்த நேரத்தில் ஒரு சாதாரண மனிதன் ஐந்து மணி பஸ்ஸுக்காகக் காத்திருந்து, மனைவி காலில் விழுந்திருப்பான். நான் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டேன்.

ஐசிங் சீனி டப்பா காலி. முட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாம் மரத்தில் தொங்குவதற்கு வெறும் ஓடாகக் காத்திருந்தன. சாதாரணச் சீனியைக் காய்ச்சினேன். கரிந்தது. சட்டியைப் பின்வாசலில் புதைத்தேன். சோற்றுக் கஞ்சியைப் பூசினேன். சுவர் கொஞ்ச நேரம் நின்று, யோசித்து, சரிந்தது. மூன்றேகால். அப்போதுதான் என் கை சட்டைப்பையில் எதையோ தட்டியது. பால் ஸ்டோர் சாவி.

வெள்ளையாக இருக்கும். ஒட்டும். இறுகும். விடாது. மனித குலம் டயர் செய்வது அதில்தான். யார் சாப்பிடப் போகிறார்கள்? வருடப்பிறப்பு வரை யாரும் தொடக்கூடாது என்று அவளே உத்தரவு போட்டிருக்கிறாள். அதற்குள் ஏதாவது சொல்லி, நானே வீட்டை அப்புறப்படுத்திவிடலாம். எனக்கு இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு புத்திசாலித்தனத்தை யாரிடமும் காட்டிக்கொள்ள முடியாதே என்றுதான் வருத்தமாக இருந்தது.

ஒரு போத்தல் பால் கொண்டுவந்தேன். தண்ணீர் கலந்த ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பதமாக, தயிர்போல் திரண்டு வந்தது. சுவரை நிறுத்தினேன். நின்றது. கூரை போட்டேன். உட்கார்ந்தது. புகைபோக்கியை வைத்து, மிச்சப் பாலைக் கூரை ஓரமெல்லாம் பனி வழிவதுபோல் தாராளமாகப் பூசினேன். ஸ்டெல்லாவின் பனியைவிட என் பனி இயற்கையாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஒரே பிரச்சினை வாசனை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வளராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வனிலா எசன்ஸை ஊற்றினேன். போதவில்லை. ஜெரிக்கு வேர்க்குரு பவுடர் இருந்தது. அரை டப்பாவை மேலே தூவினேன். அப்படியே பனி பெய்தமாதிரி இருந்தது.

ஐந்து மணிக்கு வந்தவள் மரத்தைப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள்.

"பவுடர் வாசன அடிக்குது?"

"எறும்பு கடிச்சுச்சு. போட்டுக்கிட்டேன்" என்றேன். பாதி உண்மை. கால்களைக் காட்டினேன். அவள் பரிதாபப்பட்டு மருந்து தடவிவிட்டாள். பாவசங்கீர்த்தனம் முடித்து வந்திருந்தவள். நான் அன்றைக்கு அதற்குப் போயிருக்கவேண்டும்.

மறுநாள் நாங்கள் பூசை முடிந்து வந்த பிறகு, மத்தியானம் பன்னிரண்டரைக்கு அக்காவும் அருளப்பன் மச்சானும் இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார்கள். மச்சான் லோரி ஓட்டுநர். அக்காவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அமைதியானவர். அந்தக் கிறிஸ்மஸுக்குப் புதிதாகப் பல் செட் கட்டியிருந்தார், மேலேயும் கீழேயும். வாசலிலேயே பெரிதாகச் சிரித்தார். அது சந்தோஷமா, கண்காட்சியா என்று சொல்ல முடியாத சிரிப்பு.

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஷீலாவைக் கூப்பிட்டு, "ஒங்கம்மாகிட்ட குடிக்கத் தண்ணி வாங்கியா" என்றாள். ஒங்கம்மா நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் வந்தது. அக்கா குடித்துக்கொண்டே கண்ணைச் சுழற்றினாள். டின் மூடி நட்சத்திரங்கள், முட்டை ஓடுகள், காகிதத் தோரணம், மரம். பார்வை மேசைக்கு வந்து நின்றது. எழுந்து கிட்டே போனாள்.

"டேய் சூச, யாரு செஞ்சது இது?"

"ஸ்டெல்லாதான்க்கா. எல்லாமே வீட்டுல செஞ்சது."

அக்கா அந்த வீட்டைச் சுற்றி வந்தாள். குனிந்து மிட்டாய் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். "ம்" என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஆறு வருடத்தில் ஸ்டெல்லாவுக்குக் கிடைத்த முதல் மூன்று சொற்கள் அவை... இல்லை, இரண்டு சொற்கள்தான். அவள் முகம் சிவந்துபோனது. அந்த மகிழ்ச்சியில் அவள் தன் சட்டத்தைத் தானே உடைத்தாள்.

"அண்ணே, ஒரு துண்டு சாப்புட்டுப் பாருங்க" என்று கூரையில் கை வைத்தாள்.

"வேணாம்!" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அழகா இருக்குதுல்ல? இருக்கட்டுமே. வருசப் பொறப்பு வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு நீதானே..."

"ஒரு பிஸ்கோத்துக்கு ஏன்டா இப்புடி?" என்றாள் அக்கா. "மொத மொதல்ல வந்துருக்காரு மனுசன்."

"கேக்கு இருக்கேக்கா. நல்ல கேக்கு. ஆட்டெறச்சி இருக்கு."

"சும்மா இருங்க லா" என்று ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே கூரையை மடக்கினாள். கூரை உடையவில்லை. வளைந்தது. கையை விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது. அவளுக்குப் புரியவில்லை. "ராத்திரி ஈரத்துக்கு நமத்துருச்சு போல" என்றாள். கத்தி எடுத்து வந்து அறுத்தாள். துண்டு கையோடு வந்தது. கூடவே ஒரு வெள்ளை நூலும் வந்தது, ஒரு முழத்துக்கு. அதையும் கத்தியால் வெட்டி, தட்டில் வைத்து மச்சானிடம் நீட்டினாள்.

மச்சான் மரியாதை தெரிந்தவர். வாங்கியதை வைத்திருக்கத் தெரியாது. ஓரத்தை முகர்ந்து, "வாசனையா இருக்கே" என்று சொல்லி, கூரையின் பனி கனமாக இருந்த இடமாகப் பார்த்துக் கடித்தார்.

மென்றார். மறுபடி மென்றார். மூன்றாவது முறை வாய் திறக்கவில்லை. கண்கள் மட்டும் கொஞ்சம் பெரிதாயின. கையால் துண்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அது நீண்டது. இன்னும் இழுத்தார். 'பொத்' என்று ஒரு சத்தம். அவர் கையில் பிஸ்கட் இருந்தது. பிஸ்கட்டில் மேல்வரிசைப் பற்கள் முழுதும் இருந்தன, ஒழுங்காக, கடித்தபடியே.

ஷீலாதான் முதலில் பேசினாள்.

"மாமா கடிக்கல. பல்லு மட்டும் கடிக்குது."

ஜெரி மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அழ ஆரம்பித்தான்.

"பவவாயில்ல, பவவாயில்ல" என்றார் மச்சான், மேல் உதட்டைக் கையால் மூடிக்கொண்டு.

ஸ்டெல்லா அப்படியே நின்றாள். "அண்ணி, நான் மாவும் சீனியும் முட்டையும்தான் போட்டேன்... மூணு நாளு... சத்தியமா..." குரல் உடைந்தது. அக்காவின் முகத்தில் பழைய கேள்வி திரும்ப வருவதை நான் பார்த்தேன். சட்டி பிடிக்கத் தெரியுமா இதற்கு என்ற அதே கேள்வி. ஆறு வருடமாகக் கட்டிவந்த ஏதோ ஒன்று என் கண்முன்னால் மறுபடி சரிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான் செய்தேன். இவ்வளவுதான். பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மச்சான் வாயிலாவது ரப்பர் இருந்தது, என் வாயில் அதுவும் இல்லை.

அக்கா மச்சான் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கினாள். பற்களைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தட்டில் வைத்தாள். ஒட்டியிருந்த வெள்ளையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். கட்டைவிரல் நகத்தால் அமுக்கிப் பார்த்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். பவுடரையும் வனிலாவையும் தாண்டி அந்த மூக்கு உள்ளே போவதை என்னால் பார்க்க முடிந்தது. இருபத்துமூன்று வருடம் விடியற்காலையில் மரம் வெட்டிய பெண்ணின் மூக்கு.

"பாலு" என்றாள்.

பிறகு ஸ்டெல்லாவின் கைகளைப் பார்த்தாள். நகம் வெட்டிய, சுத்தமான, டைப் அடித்த விரல்கள்.

"இந்தப் புள்ளைக்குப் பாலு ஒறைய வைக்கத் தெரியுமா? ஆசிட்ட இம்மி கூடாம கொறையாம விட்டுருக்கு. இது தெரிஞ்ச கை பாத்த வேல." மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "டேய் சூச. இங்க வா."

முப்பது வயதுக் கிராணி, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மூன்றாம் வகுப்புப் பையனைப்போல் நடந்து போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கெரெங்கா, சுற்றியது, கஞ்சி, புதைத்த சட்டி. சாட்சியாக எறும்பு கடித்த காலையும் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

அக்கா முடியும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்.

"கருக்கல்ல எந்திரிச்சு, கொசுக்கடியில, அட்டக்கடியில, நான் பால்மரம் வெட்டி ஒன்னப் படிக்க வச்சேன். எதுக்குடா? பிஸ்கோத்துல ஊத்தவா?"

அக்கா அதோடு விடவில்லை.

"இந்தப் புள்ள மூணு நாளா உக்காந்து ஆசையாச் செஞ்சிருக்கு. ஒடச்சது நீ. ஒட்டுனது நீ. அது அழுவுது, நீ மரமாட்டம் நிக்கிற. பொண்டாட்டி மானம் போவுதேன்னு ஒனக்கு வாயி வரல?"

ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தோள்கள் குலுங்கின. அக்கா தட்டிலிருந்த பற்களைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஸ்டெல்லா" என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "தேங்காயெண்ண எங்க வச்சிருக்க? எடு. எண்ண போட்டுத் தேச்சாதான் பாலு உரியும்." சொல்லிக்கொண்டே அவளும் உள்ளே போனாள்.

உள்ளே இருந்து சத்தம் வந்தது. அழுகிறார்கள் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசல்வரை போனேன். இரண்டு பேரும் அழவில்லை. ஒருத்தி பற்களைப் பிடித்திருந்தாள், ஒருத்தி ரப்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இருவராலும் நிற்க முடியவில்லை. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மிமேல் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

"ஒங்களுக்கு இங்க என்னா வேல?" என்றாள் ஸ்டெல்லா.

"போடா அங்குட்டு" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அந்த இரண்டு பெண்களும் ஒரே கட்சி. நான் எதிர்க்கட்சி. அடுத்த வாரம் வந்த கடிதம் ஸ்டெல்லாவின் பெயருக்கு வந்தது. நான்கு பக்கம். என்னைப் பற்றி விசாரித்து அதில் ஒரு வரிகூட இல்லை.

மச்சான் அன்றைக்குச் சாயங்காலம்வரை ஆட்டிறைச்சி வாசனையை மட்டும் அனுபவித்துக்கொண்டு கஞ்சி குடித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்தபோது, ஸ்டெல்லா கேக் துண்டை நீட்டியதும், அதை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, முகத்தை ஒன்றும் தெரியாதவர்போல் வைத்துக்கொண்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தார். நூல் வரவில்லை என்றதும் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வாயில் போட்டார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மறுவருடம் பிள்ளைகளும் இழுத்தார்கள். பிறகு சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் மருமகன் பலகாரத்தை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். பையன் நல்லவன் என்று ஸ்டெல்லா அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

மச்சானும் போய்விட்டார், அக்காவும் போய்விட்டாள். என் பேரனுக்கு இப்போது ஐந்து வயது. ஷா ஆலமில் அடுக்குமாடியில் வளர்கிறான். பால்மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. போன டிசம்பரில் அவன் பாலர் பள்ளியில் கிறிஸ்மஸ் விருந்து. டீச்சர் ஷீலாவுக்கு போன் செய்து, ஒரு சந்தேகம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். கேக் கொடுத்தவுடன் அவன் எழுந்து நின்று, யாரும் சாப்பிடக்கூடாது, முதலில் கிள்ளி இழுக்க வேண்டும், கிறிஸ்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லிவிட்டானாம். மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் பயபக்தியோடு இழுத்திருக்கிறார்கள். மற்ற மதத்தவர்களும் அதைச் செய்யலாமா, தவறில்லையா என்று டீச்சருக்குத் தெரிய வேண்டுமாம்.

"செய்யலாம், தப்பே இல்ல" என்று ஷீலா சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அது ஒன்றுதான் ஆறுதல்.